ரவுட்டரும் அதன் அடாப்டரும்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கேமரா அடாப்டர் எல்லாம் பழுது பார்க்கிறேன். "ரவுட்டர் போயிடுச்சு" என்று கொண்டு வருபவர்களில் பலர் ரவுட்டரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, அடாப்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இங்கே வேறு அடாப்டரைச் செருகினால் ரவுட்டர் நன்றாக வேலை செய்யும். கோளாறு வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்காக வெயிலில் இரண்டு தடவை அலைய வேண்டாம் என்றுதான், திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ரவுட்டர்ல ஒரு லைட்டும் எரியல. அவ்வளவுதானா, புதுசு வாங்கணுமா?

அவசரப்படாதீர்கள். ஒரு லைட்கூட எரியவில்லை என்றால் ரவுட்டருக்குக் கரண்டே போகவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். ரவுட்டருக்குப் பின்னால் அழுத்துகிற மாதிரி ஒரு பவர் பட்டன் இருக்கிறதா, துடைக்கும்போது அது அமுங்கிவிட்டதா என்று பாருங்கள். இந்த ஒரு பட்டனுக்காகவே பத்து கிலோமீட்டர் பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

இரண்டும் சரியாக இருந்தால் சந்தேகம் அடாப்டர் மேல்தான் விழ வேண்டும். ரவுட்டரையும் அடாப்டரையும் சேர்த்தே கொண்டு வாருங்கள்.

அந்தக் கறுப்பு டப்பாக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

உங்கள் வீட்டு 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் ஒரு சின்னத் தொழிற்சாலை. பழைய அடாப்டர்கள் கையில் எடுத்தாலே கனக்கும். உள்ளே இரும்புத் தகடும் செம்புச் சுருளும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இப்போது வருவது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை வகை. வரும் மின்சாரத்தை நான்கு டையோடுகள் முதலில் டி.சி. ஆக்கிவிடும். அது 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம், கிட்டத்தட்ட 325 வோல்ட். அதை 400 வோல்ட் தாங்கும் ஒரு கெப்பாசிட்டர் தேக்கி வைக்கும். பிறகு ஒரு ஐ.சி. சில்லு அந்த 325 வோல்ட்டை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு குட்டி ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியும் வேலை செய்கிறது. மறுபக்கம் வருவதை ஒரு டையோடும் ஒன்றிரண்டு கெப்பாசிட்டர்களும் சமன்படுத்தி 12 வோல்ட்டாகத் தரும். அந்த 12 கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து ஐ.சி.க்குத் தகவல் சொல்ல ஆப்டோகப்ளர் என்ற நாலுகால் பூச்சி ஒன்று நடுவில் இருக்கும். அது ஒளி மூலம் பேசுவதால் 230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 400 வோல்ட் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். வேலை தெரியாமல் அடாப்டரைப் பிரிக்காதீர்கள். இதை மட்டும் யார் கேட்டாலும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

அடாப்டர் மேல பொடி எழுத்துல என்னென்னவோ எழுதியிருக்கே, எதைப் பாக்கறது?

"அவுட்புட்" என்று இருக்கும் வரியைப் பாருங்கள். 12 வோல்ட் 1 ஆம்ப், 12 வோல்ட் 1.5 ஆம்ப், 9 வோல்ட் 0.6 ஆம்ப் என்ற மாதிரி இருக்கும். வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வாட். 12 வோல்ட் 1 ஆம்ப் என்றால் 12 வாட் வரை தரும். அதே எண்கள் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும், ஆம்ப் அதே அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

அடுத்தது, நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரு பக்கமும் கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்னப் படம். புள்ளியோடு கூட்டல் சேர்ந்திருந்தால் பின்னின் உள்பக்கம் பாசிட்டிவ். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் போட்டிருந்தால் இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை என்று பொருள். அதனால்தான் இந்த அடாப்டர்களுக்கு இரண்டே பின். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவுமே அச்சிடாத அடாப்டரை நான் விற்பதில்லை.

ஆம்ப் கூட இருந்தா ரவுட்டர் எரிஞ்சிடாதா அண்ணே?

எரியாது. வோல்ட் என்பதை அடாப்டர் கொடுக்கிறது, ஆம்ப் என்பதை ரவுட்டர் எடுத்துக்கொள்கிறது. மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டி இருந்தாலும் 1000 லிட்டர் தொட்டி இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். ஆனால் தொட்டியை மூன்று மாடி உயரத்தில் தூக்கி வைத்தால் வேகம் கூடும். அந்த உயரம்தான் வோல்ட். ஆகவே 12 வோல்ட் 1 ஆம்ப் ரவுட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்ப் கேமரா அடாப்டரைத் தாராளமாகப் போடலாம். அது சூடாகாமல் நிதானமாக ஓடும்.

தலைகீழாகச் செய்யக் கூடாது. 1.5 ஆம்ப் கேட்கும் ரவுட்டருக்கு அரை ஆம்ப் அடாப்டர் போட்டால் லைட் எரியும், அணையும், எரியும், அணையும்.

9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் அடாப்டரைத் தெரியாம போட்டுட்டேன். ஓடுது. அப்படியே விட்டுடலாமா?

ஓடுகிறது என்றால், உள்ளே இருக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஐ.சி. 12 வோல்ட்டைத் தாங்குகிறது, நுழைவாயிலில் இருக்கும் கெப்பாசிட்டரும் 16 வோல்ட் வகையாக இருக்கிறது என்று பொருள். பல போர்டுகளில் அப்படித்தான். ஆனால் உங்கள் போர்டில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மாற்றிவிடுங்கள். 5 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, கையோடு போயிருக்கும்.

12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் போட்டால் ரவுட்டர் கருகாது. லைட் எரியும், வைஃபை வரும், நாலு பேர் வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் ரீஸ்டார்ட் ஆகும்.

பின் உள்ளே போகுது, ஆனா லேசா ஆட்டினா ஆஃப் ஆகிடுது. ஜாக் போச்சா?

ஜாக்கைத் திட்டுவதற்கு முன் பின்னைப் பாருங்கள். வெளிச்சுற்று 5.5 மில்லிமீட்டர் உள்ள பின்களிலேயே இரண்டு வகை உண்டு, உள் ஓட்டை 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2.1 கம்பி உள்ள ஜாக்கில் 2.5 பின்னைச் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் கம்பியைச் சரியாகத் தொடாது. தொட்டும் தொடாமலும் இருப்பதால் பொறி பறந்து, சூடேறி, நாளடைவில் ஜாக்கே கருகும்.

அளவு சரியாக இருந்தும் ஆடினால் போர்டில் ஜாக்கின் கால்களில் சோல்டர் விட்டிருக்கும். மறுபடி சூடுவைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. எங்கள் ஊரில் கடல் காற்றில் பின்னின் உள்பக்கம் பச்சை பூத்துவிடுவதும் உண்டு. அப்படி இருந்தால் பின்னை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது. சுரண்டிப் பயனில்லை.

மீட்டர் வச்சுப் பாத்துட்டேன், 12 வோல்ட் சரியா காட்டுது. அப்புறமும் ஏன் ரீஸ்டார்ட் ஆகுது?

ஓரளவு வேலை தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இது. ரவுட்டரில் செருகாமல் வெறும் பின்னில் மீட்டரை வைத்தால், சாகக் கிடக்கும் அடாப்டரும் 12.1 என்று காட்டும். பாரம் ஏற்றாமல் தராசைச் சோதிப்பது மாதிரி அது. வேலை வாங்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்பதே கணக்கு.

போன மழைக்காலத்தில் ஓர் ஆசிரியை கொண்டு வந்த அடாப்டரைச் சொல்கிறேன். வெறுமனே பார்த்தால் 12.2. பின்னில் 15 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தேன். 12 வோல்ட்டில் அது 0.8 ஆம்ப் இழுக்கும். மீட்டர் மெதுவாக 11, 10 என்று இறங்கி 8.7-ல் நின்று ஆடியது. கூடவே கிர்ர் என்று ஒரு மெல்லிய சத்தம். பிரித்துப் பார்த்தால், வெளிவாசல் கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் சோளப்பொரி மாதிரி உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தது. பத்து பதினைந்து ரூபாய்ச் சாமான். அதை மாற்றியதும் அதே ரெசிஸ்டருக்கு 11.9 நின்றது. அந்த அம்மா அதற்குள் மூன்று தடவை இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்திருந்தார்கள்.

வோல்ட் இறங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ரவுட்டருக்குத் தேவை 8 வாட் என்றால், 12 வோல்ட்டில் அது 0.67 ஆம்ப் எடுக்கும். வோல்ட் 9-க்கு இறங்கினால் அதே 8 வாட்டுக்காக 0.9 ஆம்ப் எடுக்கும். நொண்டுகிற அடாப்டர் மேல் பாரம் இன்னும் ஏறும், அது இன்னும் இறங்கும், பட்டென்று விழும். அதனால்தான் "நல்லா ஓடிக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு ஆஃப் ஆச்சு" என்கிறீர்கள்.

பகல்ல ஒழுங்கா இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகுது. ஏன்?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான். வீட்டில் எல்லோரும் திரும்பிவிட்ட நேரம், வைஃபை முழு மூச்சில் அனுப்புகிறது, ரவுட்டர் கூடுதலாக இழுக்கிறது. அதே நேரம் தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடி லைன் வோல்டேஜும் இறங்கியிருக்கும். நல்ல அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் கவலைப்படாது. கெப்பாசிட்டர் வற்றியது இரண்டு பக்கத்து இடியையும் தாங்காது. லேண்ட்லைன் போன் செருகும் ஃபைபர் பெட்டிகளில் போன் மணி அடிக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆவதும் இதே கதைதான். மணி அடிக்க வைக்கப் பெட்டி அந்த நேரம் கூடுதல் பவர் எடுக்கிறது.

ரவுட்டருக்குள்ள என்னென்ன இருக்கு? கம்ப்யூட்டர் மாதிரின்னு சொல்றாங்களே?

சிறிய கம்ப்யூட்டரேதான். நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் இருப்பது பிராசசர். பக்கத்தில் ராம். மூலையில் எட்டுக்கால் உள்ள சின்ன ஐ.சி. இருந்தால் அது ஃபிளாஷ் மெமரி. 8 அல்லது 16 மெகாபைட் போதும், மொத்த சாஃப்ட்வேரும் உங்கள் பாஸ்வேர்டும் அதற்குள் அடங்கிவிடும். ஃபைபர் பெட்டிகளில் கொஞ்சம் பெரிய மெமரி இருக்கும். லேன் கேபிள் செருகும் ஓட்டைகளுக்குப் பின்னால் கறுப்புச் செங்கல் மாதிரி இருப்பவை லேன் டிரான்ஸ்ஃபார்மர்கள். கேபிளில் ஏதாவது மின்சாரம் வந்தால் அது போர்டுக்குள் நுழையாமல் 1500 வோல்ட் வரை தடுக்க வேண்டும் என்பது அவற்றுக்கான விதி. தகர மூடி போட்டு மறைத்திருக்கும் பகுதி வைஃபை ரேடியோ. அங்கிருந்து மெல்லிய ஒயர்கள் ஆன்டெனாவுக்குப் போகும்.

டி.சி. ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரும், சதுரக் கறுப்புக் காயில்களும், குட்டி ஐ.சி.க்களும் கூட்டமாக இருக்கும். என் வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது. 12 வோல்ட்டை அப்படியே சாப்பிடுகிற சாமான் இந்தப் போர்டில் அதிகம் இல்லை. வைஃபைக்கும் ஃபிளாஷுக்கும் 3.3 வோல்ட், ராமுக்கு 1.5 அல்லது அதற்கும் கீழே, பிராசசரின் உள்மூளைக்குக் கிட்டத்தட்ட 1 வோல்ட் என்று இந்த ஐ.சி.க்கள் பங்கு பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு பங்கு தவறினாலும் போதும், பவர் லைட் மட்டும் எரிந்துகொண்டு மற்றது எல்லாம் செத்துக் கிடக்கும்.

கெப்பாசிட்டர் ஏன் உப்புது? மட்டமான சாமானா?

சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. அது வற்ற வற்ற ஆயுள் குறையும். வற்ற வைப்பது சூடு. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. உறையில் 105 டிகிரி, 2000 மணி நேரம் என்ற வகையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 65 டிகிரியில் ஓடினால் அது 32,000 மணி நேரம், அதாவது நிறுத்தாமல் மூன்றரை வருஷத்துக்கு மேல். ரவுட்டர் ராத்திரி பகல் ஓடுகிற சாமான் என்பதை மறந்துவிடுகிறோம். மூன்று நாலு வருஷத்தில் அடாப்டர் போனால் அது தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது.

நானே கெப்பாசிட்டர் மாத்தலாமா?

சோல்டர் வைக்கத் தெரியும் என்றால் ரவுட்டர் போர்டில் மாற்றலாம். அங்கே இருப்பது 12 வோல்ட், ஆபத்தில்லை. எவ்வளவு தேக்கும் என்று சொல்லும் மைக்ரோஃபாரட் அளவு அதேயாக இருக்கட்டும், வோல்ட் அதே அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர்., அதாவது உள் எதிர்ப்பு குறைந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். அடாப்டரைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன், அது வேறு சங்கதி. கொஞ்சமும் பழக்கமில்லை என்றால் புது அடாப்டரே வாங்கிவிடுங்கள்.

அடாப்டர் கை சுடுது. ரவுட்டரும் சூடா இருக்கு. பரவாயில்லையா?

வெதுவெதுப்பு சகஜம். கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை, அல்லது பிளாஸ்டிக் வாடை வருகிறது என்றால் உடனே பிடுங்குங்கள். ரவுட்டரை செட்டாப் பாக்ஸ் தலையில் வைப்பது, டி.வி. அலமாரிக்குள் அடைப்பது, தூசி விழாமல் துணி போட்டு மூடுவது, மூன்றும் வேண்டாம். அழகாக இருக்கிறது என்று எம்பிராய்டரித் துணி போட்டு மூடியிருந்த ரவுட்டரைப் பார்த்து எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள், காற்று போய்வரும். கதகதப்புக்காக எறும்பும் பல்லியும் உள்ளே வந்து குடியேறும், பல்லி முட்டையே எடுத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் ஓட்டைகளைத் தட்டிவிட்டால் போதும்.

ராத்திரி ஆஃப் பண்ணி வச்சா கரண்ட் பில் குறையுமா?

8 வாட் இழுக்கும் ரவுட்டர் மாதம் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 5.8 யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் நிறுத்தினால் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். நிறுத்துவதால் ரவுட்டருக்குக் கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் சாஃப்ட்வேர் அப்டேட் நடக்கும்போது மட்டும் சுவிட்சைத் தொடக் கூடாது. ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. ஆனாலும் கரண்ட் போகும்போது ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுதே?

இன்வெர்ட்டர் லைனிலிருந்து பேட்டரிக்கு மாற ஒரு சின்ன இடைவெளி எடுக்கும், விநாடியில் நூறில் சில பங்கு. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் நிலை இருக்கும். அதில் வைத்தால் இடைவெளி சுருங்கும். முதலில் அதைப் பாருங்கள்.

"போன வருஷம் வரைக்கும் நிக்கல, இப்பத்தான் நிக்குது" என்றால் இன்வெர்ட்டரைக் குறை சொல்லாதீர்கள். அந்த இடைவெளியில் ரவுட்டரைத் தாங்கிப் பிடிப்பது அடாப்டருக்குள் இருக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டர். 15 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 8 வாட் ரவுட்டரை அது சுமார் 60 மில்லிசெகண்ட் தாங்கும். நாளாகி வற்றி 4 மைக்ரோஃபாரட் ஆகிவிட்டால் 20 மில்லிசெகண்ட்கூடத் தாங்காது. மீட்டர் 12 வோல்ட் காட்டும், பகல் முழுக்க ஓடும், கரண்ட் கண் சிமிட்டினால் மட்டும் விழுந்துவிடும். அடாப்டர் கிழடாகிவிட்டது என்பதற்கு முதலில் தெரியும் அறிகுறி இதுதான்.

மினி யு.பி.எஸ். வாங்கலாமா? எத்தனை மணி நேரம் தாங்கும்?

வாங்கலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நல்ல சாமான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 3.7 வோல்ட் செல் கணக்கு. 3.7-ஐ 10-ஆல் பெருக்கினால் 37 வாட்-ஹவர். 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும், கையில் நிற்பது 31 அல்லது 32. 8 வாட் ரவுட்டருக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணை எதற்கும் உண்மையென்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி என்று இரண்டு இருந்தால் இரண்டையும் அதில் போட வேண்டும். ரவுட்டரை மட்டும் போட்டுவிட்டு "வைஃபை இருக்கு, நெட் இல்ல" என்று வருபவர்கள் நிறைய.

பவர் பேங்க்ல ஓட்டலாம்னு ஒரு கேபிள் விக்கறாங்களே?

5 வோல்ட்டை 12 ஆக்கும் கேபிள் அது. 12 வோல்ட்டில் 1 ஆம்ப் வேண்டுமானால் 5 வோல்ட் பக்கம் கிட்டத்தட்ட 2.8 ஆம்ப் இழுக்கும். சாதாரண பவர் பேங்க் 2 அல்லது 2.4 ஆம்போடு நின்றுவிடும். அரை ஆம்ப், 0.6 ஆம்ப் கேட்கும் சின்ன ரவுட்டருக்கு ஓடும், இரட்டை பேண்ட் ஃபைபர் பெட்டிக்கு மூச்சு வாங்கும். டைப்-சி பி.டி., அதாவது பவர் டெலிவரி வகை பவர் பேங்கிலிருந்து 12 வோல்ட் கேட்டு வாங்கும் கேபிளும் உண்டு. அது நல்ல வழி. ஆனால் பி.டி. விதிப்படி 5, 9, 15, 20 என்ற படிகள்தான் வழக்கம், 12 கட்டாயமில்லை. 12 தராத பவர் பேங்கில் அந்தக் கேபிள் 9 வோல்ட்டை வாங்கிக் கொடுக்கும். 12 தருமா என்று பவர் பேங்கின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ரவுட்டர் பின்னாடி இரும்பைத் தொட்டா லேசா ஜிவ்வுன்னு இருக்கு. ஷாக்கா?

எஸ்.எம்.பி.எஸ். அடாப்டரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில், ரேடியோ இரைச்சலைக் குறைக்க ஒய் கெப்பாசிட்டர் என்ற சின்ன நீலச் சாமான் ஒன்று இருக்கும். அது வழியாக மிகச் சிறிதளவு கரண்ட் வரும், மில்லி ஆம்பில் பத்தில் ஒரு பங்கு மாதிரி. வெறுங்காலுடன் தொட்டால் புறங்கையில் ஊர்வது போல் தெரியும். ஆபத்தில்லை.

சுளீரென்று இழுத்தால் அது வேறு. மட்டமான அடாப்டரில் அந்த நீலச் சாமானுக்குப் பதிலாகச் சாதாரண கெப்பாசிட்டரைப் போட்டிருப்பார்கள், அது உள்ளே ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக உங்கள் கைக்கு வரும். அந்த அடாப்டரை மறுபடி செருகிப் பார்க்கவே கூடாது.

ஃபைபர்தானே, கண்ணாடி இழை. இடி இறங்காதுல்ல?

கண்ணாடி வழியாக வராது, சரி. ஆனால் தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிளைத் தாங்கிப் பிடிக்க ஓர் இரும்புக் கம்பியும் கூடவே வருகிறது. அதை வீட்டு வெளிச் சுவரிலேயே கொக்கியில் கட்டி நிறுத்த வேண்டும், உள்ளே கொண்டு வரக் கூடாது. இதை உங்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று அடாப்டர் வழியாக. மற்றது மாடிக் கேமராவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இழுத்த லேன் கேபிள். சித்திரை இடியிலும் ஐப்பசி மழையிலும் எனக்கு வரும் ரவுட்டர்களில் அடாப்டர் நன்றாக இருக்கும், ஒரே ஒரு லேன் போர்ட் மட்டும் செத்திருக்கும். இடி இடித்தால் அடாப்டரோடு அந்த லேன் கேபிளையும் பிடுங்குங்கள்.

ஸ்பைக் பாக்ஸ் போட்டிருக்கேன், அது காப்பாத்தாதா?

ஒரு கணம் வந்து போகும் வோல்டேஜ் எழுச்சியிலிருந்து காப்பாற்றும். உள்ளே 471 என்று எழுதிய வட்ட வில்லை இருக்கும். 470 வோல்ட்டைத் தாண்டினால் அது தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வந்து அப்படியே நிற்கும். அதன் உச்சம் 560-ஐத் தாண்டும், வில்லையும் வெடிக்கும், அடாப்டருக்குள் இருக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டரும் வெடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தில் கரையைக் கடந்து கம்பமெல்லாம் சாய்ந்தபோது, கரண்ட் திரும்பி வந்த நாட்களில் இப்படி வெடித்த அடாப்டர்களைப் பார்த்தேன். புயலுக்குப் பிறகு கரண்ட் வந்தால் முதலில் ஒரு பல்பு மட்டும் போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

எல்லா லைட்டும் எரியுது, ஒண்ணு மட்டும் சிவப்பா மின்னுது. அடாப்டர் மாத்தணுமா?

வேண்டாம். எல்.ஓ.எஸ். என்ற லைட் சிவப்பானால் ஃபைபரில் ஒளி வரவில்லை. எலி கடித்திருக்கலாம், பச்சை நிற கனெக்டர் சரியாகச் செருகாமல் இருக்கலாம், கேபிளை அழுத்தி மடக்கியிருக்கலாம். கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். ஃபைபர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது.

கேமராவுக்கு லேன் கேபிள்லயே கரண்ட் போகுதே, அந்த டப்பாவை ரவுட்டருக்குப் போடலாமா?

கூடாது. லேன் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் முறைக்குப் பி.ஓ.இ. என்று பெயர். முறையான பி.ஓ.இ., அதாவது 2003-ல் வந்த 802.3ஏ.எஃப். விதி, எதிரில் இருப்பது கரண்ட் வாங்கும் சாமான்தானா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் 48 வோல்ட் அளவில் கொடுக்கும். மலிவான 24 வோல்ட் டப்பாக்கள் எதையும் கேட்காமல் தள்ளும். அதைச் சாதாரண ரவுட்டரின் லேன் ஓட்டையில் செருகினால் அந்தக் கறுப்புச் செங்கலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர்கள் கருகும்.

எங்க ஆபீஸ் ரவுட்டர்ல ரெண்டு பவர் சப்ளை இருக்கு. ரெண்டும் ஒரே பாக்ஸ்லதான் மாட்டியிருக்கு, சரிதானே?

அப்படி மாட்டினால் இரண்டு இருந்தும் ஒன்றுதான். ஒன்றை ஒரு யு.பி.எஸ்.ஸிலும் மற்றதை இன்னொரு யு.பி.எஸ்.ஸிலும் அல்லது வேறு லைனிலும் மாட்டுங்கள். இரண்டும் பாதிப் பாதி சுமக்கும். ஒன்று போனால் மற்றது முழுசாகச் சுமக்க வேண்டும் என்பதால், இரண்டும் சேர்ந்து தரும் வாட் ஒரு சப்ளையின் அளவைத் தாண்டாமல் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றை உருவி மாற்றலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய ரவுட்டர்கள் மைனஸ் 48 வோல்ட் டி.சி.யில் ஓடும். 2 வோல்ட் பேட்டரிகள் 24 வரிசையாக நிற்கும், பாசிட்டிவ் பக்கத்தை எர்த் செய்திருப்பார்கள், ஈர மண்ணில் செம்பு அரிக்காமல் இருக்க. கரண்ட் போனதே அந்த ரவுட்டருக்குத் தெரியாது, அது எப்போதும் பேட்டரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடாப்டர் மாத்தியாச்சு, கெப்பாசிட்டர் மாத்தியாச்சு. பவர் லைட் மட்டும் எரியுது, வைஃபை வரல. இப்ப என்ன?

முதலில் போர்டில் அந்த 3.3, 1.5, 1 வோல்ட் பங்குகள் வருகிறதா என்று அளக்க வேண்டும். எல்லாம் வந்தால் சந்தேகம் ஃபிளாஷ் மேல். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனாலோ, அடாப்டர் நொண்டி நொண்டிப் பல வாரம் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தாலோ ஃபிளாஷில் எழுதுவது பாதியில் நின்று சாஃப்ட்வேர் சிதைந்துவிடும். போர்டில் வரிசையாக நாலு ஓட்டை இருக்கும் இடத்தில் 3.3 வோல்ட் சீரியல் கேபிளை வைத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால், எந்த வரியில் திக்குகிறது என்று ரவுட்டரே சொல்லும். பெரும்பாலும் வேகம் விநாடிக்கு 115200 பிட். கிரவுண்ட், அனுப்புவது, வாங்குவது என்று மூன்று ஒயர் போதும், பவர் ஒயரை இணைக்கக் கூடாது.

ஃபிளாஷை மறுபடி எழுதி உயிர் கொடுக்க முடியும். ஆனால் இன்னொரு ரவுட்டரிலிருந்து அப்படியே நகல் எடுத்துப் போட்டால் தவறு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு ரவுட்டரையும் தனியாக அடையாளம் காட்டும் மேக் முகவரி, வைஃபை ரேடியோவைத் தொழிற்சாலையில் சரிபார்த்த அளவுகள், ஃபைபர் பெட்டி என்றால் கம்பெனி உங்களை அடையாளம் காணும் சீரியல் எண், எல்லாம் அதே மெமரியில்தான் இருக்கின்றன. அதனால் பழையதை முழுசாகப் படித்துக் கம்ப்யூட்டரில் சேமித்த பிறகுதான் நான் ஒரு எழுத்தையும் அழிப்பேன். பெட்டி கம்பெனியுடையது என்றால் அதுவும் செய்வதில்லை, அவர்களிடமே மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவேன். எடுத்துப் போகும்போது அடாப்டரையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.